கசற் அண்ணை அழிக்காத பாட்டுகள்

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் ஜாஸ் கேட்ட முதல் மனுஷி என் அம்மாவாகத்தான் இருக்கவேண்டும். ஆசைப்பட்டுக் கேட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையின் குரலைக் கேட்கவேண்டுமென்றால் அதற்கு முன்னால் வருகிற சாக்ஸபோன், பியானோ, தடதடவென்று இடிக்கிற டிரம்ஸ் எல்லாவற்றையும் கேட்டுத் தொலைக்கவேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை நான். அந்தக் கோலத்துக்கெல்லாம் காரணம் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் எங்களோடு ஒரே கட்டிடத்தில் இருந்த ஒரு மனிதர்.

அவரைக் கசற் அண்ணை என்போம். சொந்தப் பெயரை எழுத எனக்கு மனமில்லை. அகதிப் பேப்பர் இல்லாமல் வேலை செய்த காலத்தில் பெயரைச் சொல்லாமலே பழகிவிட்டார்; பேப்பர் கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் எங்களில் பாதிப்பேருக்கு அவருடைய பெயரே தெரியவந்தது. "இதார் இது?" என்று நானே ஒரு கணம் முழித்தேன்.

இப்போது அவரை நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. ரொறன்ரோவில், ஏரிக்கரைப் பக்கம் ஒரு முதியோர் கட்டிடத்தில், தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற ஒரு கறுப்பின அம்மா இருக்கிறார். ஒருகாலத்தில் நாலுபேர் கொண்ட ஜாஸ் குழுவொன்றில் பியானோ வாசித்தவர். சாக்ஸபோன் வாசித்தவர் அவருடைய கணவர். சாவதற்குச் சில கிழமைகளுக்கு முன்னால் அந்த மனிதர் மனைவிக்கென்று ஒரு பாட்டைக் கட்டி மேடையில் வாசித்தாராம். ஒரேயொரு தடவை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிதான். அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்டுவிட்டுக் கண்ணை மூடவேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. அது பதிவான கசற் எங்கள் ஆட்களில் யாரோ ஒருவருடைய வீட்டில் கிடந்தது. அது அங்கே போய்ச் சேரக் காரணம் கசற் அண்ணை.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுக்க வழியில்லை. லைனே இல்லை. சொல்லவேண்டியதைக் கசற்றில் பேசி, கொழும்புக்குப் போகிறவர்களின் கையில் கொடுத்து அனுப்புவோம். எங்கள் கட்டிடத்தில் ஒழுங்கான ரெக்கோடர் வைத்திருந்தவர் அண்ணை ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவருடைய அறை வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் பெடியள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், கட்டிலில் இருந்து, அந்தப் பெட்டியைப் பார்த்து "அம்மா, நான் சுகம்" என்று தொடங்கவேண்டும். வாசலில் பத்துப்பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது அம்மாவோடு பேசுவது லேசான காரியமில்லை.

அண்ணை குயின் வீதியில் ஒரு ஜாஸ் கிளப்பின் குசினியில் கோப்பை கழுவினார். அங்கேதான் அந்த நாலுபேரும் ஒவ்வொரு கிழமையும் வாசித்தார்கள். கிளப்பில் ஒலிவாங்கியைப் பார்த்துக்கொள்கிறவன் எல்லாவற்றையும் கசற்றில் பிடித்து வைத்திருக்கிறான். சாக்ஸபோன்காரர் செத்து, குழு கலைந்து, கிளப்பும் கைமாறியபோது, புதிய முதலாளி ஒரு பெட்டி நிறையக் கசற்றை அண்ணையிடம் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னான். அண்ணை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்ட்றீற்காரில் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்களுக்குப் புழுகம் தாங்கவில்லை. இனிப் புதுக் கசற் வாங்கத் தேவையில்லை. இருக்கிறதை அழித்துவிட்டு மேலே பேசலாம்.

அங்கேதான் வந்தது வினை. மனிதர் அழிக்க விடமாட்டார்.

"உது என்ன பாட்டெண்டு எனக்குத் தெரியாது தம்பி," என்றார். "ஆனா நாலு பேர் மினக்கெட்டு வாசிச்சிருக்கினம். குசினிக்கை நிண்டு கேட்டனான். மினக்கெட்டதை அழிக்கப்படாது."

"அண்ணை, குப்பையிலை போடச் சொன்ன சாமான்."

"போடச் சொன்னவனுக்குக் காது இல்லை. எனக்கு இருக்கு."

ஆகவே பாட்டு எங்கே முடிகிறதோ அங்கே தேடிப் பிடித்து, கசற்றின் கடைசியில் மிஞ்சிக் கிடக்கிற வெறும் இடத்தில் எங்களை வைப்பார். சிலருக்கு நாலு வார்த்தை பேச இடம் கிடைக்கும். சிலருக்கு அதிர்ஷ்டம், கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும். யாராவது முரண்டு பிடித்தால் "அப்ப நீர் வேறை ஆளைப் பாரும்" என்று வாசலைக் காட்டுவார். வேறு ஆளுக்கு எங்கே போவது?

அம்மாவிடமிருந்து வந்த முதல் பதில் எனக்கு இப்போதும் மனப்பாடம். "தம்பி, உன்ரை குரலைக் கேட்டது பெரிய சந்தோசம். அதுக்கு முதல் வாற அந்தக் குழல்காரன் ஆர்? பிள்ளை நல்லா அழுறான். கலியாணம் முடிச்சவனோ?"

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரியும் உள்ளே போக ஆமி விடாது. பக்கத்து வீட்டு மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் அம்மாவுக்குக் கசற் போட்டுக் காட்டுவார். பாட்டை வேகமாக முன்னுக்கு ஓட்டிவிட்டு மகனின் பேச்சுக்கு வரலாமே என்று மாமா கெஞ்சியிருக்கிறார். அம்மா சம்மதிக்கவில்லை. "இடையிலை என்ரை பிள்ளை ஏதும் சொல்லியிருந்தால்?" மாமா எனக்குத் தனியாக ஒரு செய்தி சொல்லி அனுப்பினார்: "அடுத்தமுறை நீ முதலிலை கதையடா. சுத்திச் சுத்தி எனக்கு நாரி முறியுது."

இதை அண்ணையிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "உடம்புக்கு நல்லதெண்டு மாமாவுக்குச் சொல்லும்." அவ்வளவுதான். அடுத்த கசற்றிலும் முதலில் சாக்ஸபோன்தான்.

பாட்டை மட்டுமல்ல, நாங்கள் பேசியதையும் அழிக்கமாட்டார். ஒரு தடவை வாயிலிருந்து வந்தால் வந்ததுதான். நெடுந்தீவுப் பெடியன் ஒருவன் தனக்குப் பாங்கில் வேலை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான். பொய்யில்லை. பாங்கில் நிலம் துடைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதையோடு கதையாக உளறிவிட்டான்: "அம்மா, நேற்று பாங்கிலை துடைச்சுக்கொண்டு நிக்கேக்கை வழுக்கி விழுந்திட்டன்..." அதோடு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஐயோ அண்ணை, பின்னுக்கு இழுங்கோ. அழியுங்கோ."

"சொன்னது சொன்னதுதான்."

"என்ரை மானம் போகுது அண்ணை!"

"நிலம் துடைச்சு மானம் போனவன் ஒருத்தனும் இல்லை. கதை."

இந்தச் சண்டையும் சேர்ந்தே பதிவாகி நெடுந்தீவுக்குப் போனது. பதில் வர மாதக்கணக்கானது. "மகன், விழுந்த கால் சுகமோ? பாங்கை வடிவாய்த் துடை. உனக்குப் பக்கத்திலை நிண்டு ஏசினாரே ஒருத்தர், அவரை விட்டிடாதை. நல்ல மனுசன்." பெடியன் அதை எங்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒருவரும் வீட்டுக்குப் பொய் சொல்லத் துணியவில்லை.

பின்னாளில் அவருடைய மனைவி பிள்ளைகள் வந்துசேர்ந்து, அஜின்கோர்ட்டில் வீடு வாங்கினார். முன்பு அந்த வீட்டில் இருந்த சீனக் குடும்பம், தங்கள் பிள்ளைகள் வளர வளரக் குசினிக் கதவுச் சட்டத்தில் பென்சிலால் உயரத்தைக் கீறி வைத்திருந்தது. அண்ணை வீடு முழுக்க வெள்ளை அடித்தார், அந்தச் சட்டத்தைத் தவிர. அண்ணையின் மனைவிக்கு, எங்களுக்கு அவர் அக்கா, பத்திக்கொண்டு வந்தது. "மனுசன் ஆரோ பெத்த பிள்ளையளின்ரை உயரத்தைக் காவல் காக்குது. எங்கடையளை எங்கை நிப்பாட்டி அளக்கிறது?" மற்றப் பக்கத்துச் சட்டத்தில் அளந்தார்கள். வேறு வழி?

அவருக்குப் போன் எடுப்பதைப்போல ஒரு கரைச்சல் உலகத்தில் இல்லை. செய்தி விடலாம் என்றால், இடமில்லை, பெட்டி நிரம்பிவிட்டது என்று மெஷின் சொல்லும். வருஷக்கணக்காக அதையே சொன்னது. ஒருநாள் நேரில் போய்க் கத்தினேன்.

"உங்களுக்கு விசரோ அண்ணை? ஒருத்தரும் உங்களைப் பிடிக்கேலாமல் கிடக்கு."

"தம்பி, அதுக்குள்ளை சின்னவள் பள்ளிக்கூடத்திலை இருந்து முதல்முதல் எடுத்துக் கதைச்சது கிடக்கு. உம்மடை கலியாணத்துக்கு நீர் சொன்னது கிடக்கு. பல்லு டொக்ரரின்ரை கந்தோரிலை இருந்து எடுத்தது கிடக்கு. எதை அழிக்கச் சொல்லுறீர்?"

"பல்லு டொக்ரரை அழியுங்கோ!"

"அந்தப் பிள்ளையும் மினக்கெட்டுத்தானே எடுத்தது."

இந்த மனிதரோடு என்ன செய்வது? எனக்குக் கோபம் வரும், வந்த வேகத்தில் சிரிப்பும் வரும். என்னை இந்த உலகத்தில் ஒருவர்கூட அழித்துவிடமாட்டார் என்ற நம்பிக்கை அவருடைய வீட்டிலிருந்து வெளியே வரும்போது கிடைக்கும். அதை அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்கலாம். நாங்கள் அப்படியெல்லாம் சொல்லிப் பழகிய ஆட்களில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், மாரி தொடங்கிய கையோடு, நித்திரையில் போய்விட்டார்.

என் அம்மா கடைசிக் காலத்தில் கனடாவுக்கு வந்து எங்களோடுதான் இருந்தார். வரும்போது என் கசற்றுகளை ஒன்றுவிடாமல் ஒரு பிஸ்கற் ரின்னில் கொண்டுவந்தார். அவர் போன பிறகு, என் குரல் இளமையில் எப்படி இருந்தது என்று பார்க்க மகள் அதைக் கம்பியூட்டரில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் மேலே ஓடி வந்தாள்.

"அப்பா, நீங்க கதைக்கிறதுக்கு முதல் வாறது ஆர்? இது சீரியஸா நல்லா இருக்கு."

"அது கசற் அண்ணையின்ரை கோப்பை கழுவுற பாட்டு," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அதில் ஒரு துண்டை எடுத்து இன்ரநெற்றில் போட்டுவிட்டாள். ஒரு கிழமைக்குள் பழைய இசைப்பதிவுகளைச் சேர்த்து வைக்கிற ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. அந்த நாலுபேரும் ஜாஸ் உலகத்தில் பெரிய ஆட்களாம். கிளப்பில் வாசித்தது ஒன்றும் மிஞ்சவில்லை, எல்லாம் குப்பையோடு போனது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்களாம். பிறகு அந்தப் பியானோ அம்மாவே மகளைக் கூப்பிட்டுப் பேசினார். கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பாட்டு இருக்கிறதா?

எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்காபரோ அமளிப்பட்டது. கோயிலில் சொன்னார்கள், சேர்ச்சில் சொன்னார்கள், தமிழ் றேடியோவில் சொன்னார்கள். பேஸ்மென்ற் பெட்டிகளைக் கிளறினார்கள். ஊரிலிருந்து வந்த அம்மாமார் எதை விட்டுவிட்டு வந்தாலும் பிள்ளையின் குரலை விட்டுவிட்டு வரவில்லை. பாங்கு துடைத்த பெடியன் இப்போது மிசிசாகாவில் சொந்தமாகத் துப்புரவுக் கொம்பனி வைத்திருக்கிறான். காரில் வந்து கசற்றைத் தந்துவிட்டு, "பாட்டு மட்டும் எடுங்கோ, என்ரை கதையை ஒருத்தருக்கும் போடாதேங்கோ" என்று கெஞ்சினான். எங்களுக்குத்தான் அது ஏற்கெனவே பாடமாயிற்றே!

மகள் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். நல்ல நல்ல பாட்டுகள். அவர் கண்ணை மூடிக் கேட்பாராம், சிரிப்பாராம், கடைசியில் "இதில்லை" என்று தலையாட்டுவாராம். கசற்றுகள் முடிந்துகொண்டு வந்தன. அவருடைய உடம்பும் நன்றாக இல்லை என்று மகள் சொன்னாள். "வேறை ஒண்டும் இல்லையோ அப்பா?"

ஒன்று இருந்தது. ரின்னிலிருந்து நான் எடுத்து என் அலுமாரியில் வைத்தது. அப்பா செத்த செய்தி வந்த கிழமை பேசிய கசற். என் அகதிக் கேஸ் முடியாத நேரம். கொள்ளி வைக்கப் போகமுடியவில்லை. அம்மா பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் கிடக்கிறார், இப்படியே போனால் அவரும் போய்விடுவார் என்று செய்தி வந்தது. அந்த ஞாயிறு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் விலகி எனக்கு வழிவிட்டார்கள். அன்று நான் அழுத அழுகையை இன்னொருதடவை கேட்க எனக்குத் தென்பில்லை. ஆனால் ஒரு மனுஷி சாவதற்கு முன்னால் ஒரு பாட்டைக் கேட்கவேண்டும் என்று காத்திருக்கும்போது என்னுடைய வெட்கம் பெரிதா? எடுத்துக்கொண்டு மகளோடு நானும் போனேன்.

மத்தியானம். ஏரி தெரிகிற சின்ன அறை. முதல் பக்கத்தை மகள் போட்டாள். இரண்டு மூன்று பாட்டு. "இதில்லை." பிறகு நான். இருபது வயதுக் குரலில் "அம்மா" என்று தொடங்கி, விக்கி விக்கி, சொல்லவந்ததைச் சொல்லாமல் அழுதுகொண்டே இருக்கிறேன். நான் எழுந்து யன்னலடியில் போய் நின்றேன். "நான் வரேலாமல்" என்று ஒரு வசனத்தின் நடுவில் பக்கம் முடிந்துவிட்டது.

மகள் திருப்பிப் போட்டாள். பியானோ. மெதுவாக, ஒவ்வொரு விரலாக. அந்த அம்மாவின் கை மடியிலிருந்து மேலே எழுந்தது.

"இதுதான்."

சாக்ஸபோன் வந்தது. இப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. பக்கத்தில் இருக்கிற ஒருவரோடு தாழ்ந்த குரலில் பேசுகிற மாதிரி. பாட்டு மேலே ஏறத் தொடங்கியது. டக்கென்று ஒரு சத்தம். பிறகு நான்: "...போச்சு அம்மா. ஆனா நீங்கள் சாப்பிடாமக் கிடந்தா நான் என்னெண்டு இஞ்சை இருக்கிறது?"

மறுபக்கம் வெறும் பக்கம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கசற் முடிந்து அண்ணை திருப்பிப் போட்டபோது நான் துவாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டது ஞாபகம் இருக்கிறது; வேறு கசற் போடுகிறார் என்று நினைத்தேன். என் அப்பா செத்துக்கிடக்கிறார், இந்த மனுசன் பாட்டுக் கேட்குது என்று எனக்கு ஆத்திரம் வந்ததும் ஞாபகம் இருக்கிறது. அவர் பாட்டுக் கேட்கவில்லை. பதிவுப் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். அந்தப் பாட்டு முடிய அந்தப் பக்கத்தில் வெறும் இடம் மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும்; அது ஓடிய அவ்வளவு நேரமும் யோசித்திருக்கிறார். பிறகு அமத்திவிட்டு "கதை தம்பி, இடம் இருக்கு" என்றார். பல்லு டொக்ரரை அழிக்காத மனிதர் எனக்காக அதை அழித்தார். ஒருநாளாவது சொன்னாரா? சண்டாளன், ஒரு சொல் சொல்லவில்லை.

மகள் நிறுத்தப் போனாள். அந்த அம்மா கையைக் காட்டித் தடுத்தார். தெரியாத பாஷையில் நான் பேசியதை முழுக்கக் கேட்டார். "ஒரு பிடியெண்டாலும் சாப்பிடுங்கோ அம்மா" என்று நான் முடித்தேன். மறுபடியும் டக். மீண்டும் சாக்ஸபோன், பியானோவும் சேர்ந்து. பாட்டின் கடைசிப்பகுதி அப்படியே இருந்தது. மேலே ஏறியது மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கடைசி மூச்சுவரை வந்து நின்றது. கைதட்டல். அந்த அம்மாவின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தது.

"நடுப்பகுதி போய்விட்டது," என்றேன் ஆங்கிலத்தில். "அதை அழித்தவர் ஒன்றையும் அழிக்கிற மனிதரில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் மன்னிப்பைக் காதில் வாங்கவில்லை. நடுவில் நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். சொன்னேன். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"உன்னுடைய அம்மா சாப்பிட்டாரா?"

மாமா பிறகு என்னிடம் விபரமாகச் சொல்லியிருந்தார். அன்று அதைக் கேட்டபோது எனக்கு அது ஒன்றும் புதினமாகப் படவில்லை. பாட்டு என் பேச்சுக்கு முன்னால்தானே வரும், பின்னால் எப்படி வந்தது என்று நான் யோசிக்கவும் இல்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் பேச்சு முடிந்ததும் மாமா பெடலை விட்டுவிட்டுக் கஞ்சிக் கோப்பையை எடுத்து நீட்டியிருக்கிறார். அம்மா வாங்கவில்லையாம்.

"சுத்துங்கோ அண்ணை," என்றாராம். "அந்தக் குழல்காரப் பிள்ளையும் சொல்லி முடிக்கட்டும். பிறகு குடிக்கிறன்."

மாமா கடைசிவரை சுற்றினார். அம்மா கஞ்சியைக் குடித்தார்.